மேனேஜரின் வயிறு

என் பெரியப்பா பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கிறார். இருபத்தாறு வருடமாக ஒரே கட்டடம். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவர் முகத்துக்கும் முன்பாக அவருடைய துணிகள்தான் நினைவுக்கு வருகின்றன. சிவப்புத் துணி கழிவறைக்கு, நீலம் கண்ணாடிக்கு, மஞ்சள் மேசைகளுக்கு. வெள்ளைத் துணி ஒன்று எப்போதும் தோளில் கிடக்கும். அது அவர் முகத்துக்கு. ஒரு நிறத்தின் வேலையை இன்னொரு நிறத்தை வைத்து யாராவது செய்வதைப் பார்த்துவிட்டால், அன்று முழுக்க அந்த ஆளிடம் பேசமாட்டார். தரை துடைக்கும்போது பின்னால் நடந்துகொண்டே, இடமும் வலமுமாக எட்டுப் போடுவதுபோல் துடைப்பார். தன் காலடி ஈரத்தில் பதியக் கூடாது. வீட்டிலும் அப்படித்தான். சமையலறையில் தொடங்கிப் பின்னுக்கு வந்து, வாசலுக்கு வெளியே போய், தரை காயும்வரை வெறுங்காலோடு மாடிப்படியில் நிற்பார்.

அவருடைய தம்பியான என் அப்பா அவருக்கு வைத்த பெயர் பினாயில். "என்ன, பினாயில் படியில நிக்குது?" என்று கேட்டுக்கொண்டேதான் அப்பா அந்த வீட்டுக்குள் நுழைவார். பெரியப்பா அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. உண்மையில் அவர் பினாயிலைத் தொடுவதே கிடையாது. அது வாசனையைக் காட்டி ஏமாற்றும், அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது அவர் கட்சி.

எனக்கு அவர் வைத்த பெயர் டிகிரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெயரில் கேலி பாதி, பெருமை பாதி. படித்தது வணிகவியல். ஆனால் எங்கள் வீட்டில் படிப்பு என்றால் எல்லாப் படிப்பும்தான். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, போனில் வந்த செய்தியைத் தொடலாமா கூடாதா, இன்ன கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாமே என்னிடம் வரும். நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாவிட்டால் தெரிந்த மாதிரி சொல்வேன். தெரியாது என்று சொல்லிவிட்டால், அப்புறம் மூன்று வருடம் எதற்குப் போனாய் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை நானேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டு, இடையில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பிற்பகல் வேளையில் விலாசங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கேள்வி எப்போதும் பக்கத்திலேயே இருந்தது.

முயல் வந்தது அந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலிருந்து. அங்கே விளம்பரப் படம் வரைந்து கொடுக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. வருகிறவர்கள் பார்த்து ரசிக்க வரவேற்பறையில் ஒரு கூண்டில் முயல் வளர்த்தார்கள். கம்பெனியை மூடிய அன்று மேசை, நாற்காலி, விளக்கு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். மிஞ்சியவற்றை அள்ளப் பெரியப்பா போனபோது உடைந்த ஒரு சுழல் நாற்காலியும், காய்ந்த மூன்று செடிகளும், மேனேஜர் அறைக்குள் ஒரு முயலும் அதன் புல் பையும் இருந்தன. சாவியை ஒப்படைக்க நின்ற பெண், இதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள். பெரியப்பா அதை அச்சுத்தாள் வந்த அட்டைப்பெட்டியில் வைத்து, பக்கத்தில் நாலு ஓட்டை போட்டு, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பெரியம்மா தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்கவே இல்லையாம். "ஊர் குப்பைய அள்றது பத்தாதுன்னு பார்சல் வேற கட்டிக்கிட்டு வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள். பெட்டியிலிருந்து ஒரு சாம்பல் நிறத் தலை வெளியே வந்து அவளையே பார்த்ததும், "யாருங்க இவரு?" என்றாள். மேனேஜர் ரூமிலிருந்து வருகிறார் என்றார் பெரியப்பா. அன்றிலிருந்து அது மேனேஜர்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை இங்கே சொல்வதற்குக் காரணம், இதைப் படிப்பவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வருவார்கள் என்பதுதான். பிள்ளைபோல் வளர்த்தார்கள் என்று நான் எழுதமாட்டேன். அவர்கள் அதை ஒரு மேனேஜரைப்போலத்தான் நடத்தினார்கள். வழியில் வந்தால் ஒதுங்கிக்கொள்வார்கள். பெரியம்மா துணி வெட்டும்போது அது மேலே வந்து படுத்தால், "சார் எழுந்திரிக்கட்டும்" என்று காத்திருப்பாள். சாயங்காலம் பெரியப்பா திரும்பியதும் அது அவர் காலைச் சுற்றி இரண்டு சுற்று ஓடும். அவர் சட்டையைக் கழற்றாமல், கை கழுவாமல், அந்த இரண்டு சுற்றும் முடியும்வரை அசையாமல் நிற்பார். கை கழுவாமல் அவர் நின்று நான் பார்த்தது அந்த ஒரு நேரத்தில் மட்டும்தான்.

தொல்லை வந்தது புல்லால். ஐந்தாவது மாடியிலிருந்து அதனோடு அந்தப் பை காய்ந்த புல்லும் வந்திருந்தது. மேனேஜர் அதை இழுத்து இழுத்துத் தின்னும். பாதி வாய்க்குள், பாதி தரையில். விசிறிக் காற்றில் அது தையல் மெஷினுக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் போகும். பெரியப்பா ஒரு நாளைக்கு நான்கு முறை பெருக்கினார். பை தீர்ந்ததும் இன்னொன்று வாங்கவில்லை. காரட், ரொட்டித்துண்டு, பிஸ்கட் என்று சிந்தாத சாப்பாடாகத் தட்டில் வைத்தார். மேனேஜருக்கும் அது பிடித்திருந்தது. பிஸ்கட் உறையின் சத்தம் கேட்டால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். புல் எதற்கு, அது வெறும் குப்பை என்று அவர் அப்பாவிடம் சொன்னபோது நானும் இருந்தேன்.

அடுத்தது என்னிடம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், மேனேஜர் செய்யும் ஒரு காரியத்தைச் சொன்னார். காலையில் குனிந்து, பின்பக்கத்திலிருந்து வருவதை வாயாலேயே எடுத்துத் தின்றுவிடுகிறது. தரையில் கிடக்கும் உருண்டைப் புழுக்கை அல்ல. வேறு மாதிரி, மெத்தென்று, சின்னத் திராட்சைக் கொத்துபோல. இருபத்தாறு வருடம் கழிவறை கழுவியவர் அதைச் சொல்லும்போது கூசிப்போயிருந்தார்.

"இது சரியா, டிகிரி?"

எனக்குத் தெரியாது. அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. "கெட்ட பழக்கம் பெரியப்பா," என்றேன். "அப்படியே விட்டா வியாதி வந்துடும். தடுக்கணும்."

அவர் அன்று மாலையே ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடியை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பெரியம்மாவிடம் மெல்லிய துணி வாங்கி ஓரம் கட்டி, மேனேஜரின் கழுத்தில் மாட்டினார். அதை மாட்டியிருக்கும்வரை வாய் பின்னால் போகாது. கண்ணாடிக்குள் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கும் ஆள் மாதிரி இருக்கிறது என்றாள் பெரியம்மா. கூட இருந்து பார்த்த நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. பெரியப்பா காலையில் எழுந்து விளக்குமாற்றை எடுத்தால், பெருக்க ஒன்றும் இல்லை. ஒரு புழுக்கைகூட இல்லை. அதற்கு முந்தைய சில நாட்களாகவே குறைந்துகொண்டு வந்ததாம். இருந்தவையும் மிளகைவிடச் சின்னதாக, இரண்டு மூன்று ரோமத்தில் கோத்ததுபோல ஒட்டிக்கொண்டு. அவர் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார். மேனேஜர் திருந்திவிட்டார் என்று வேலைக்குப் போன இடத்தில் லிஃப்ட்காரரிடம் சொல்லியிருக்கிறார். மாலையில் அது அவர் காலைச் சுற்றவில்லை. சுத்தமான தரையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது. "மேனேஜர் பிஸ்கட்டைப் பாக்க மாட்டேங்குது. நீ வா."

நான் போனபோது அது முதுகை வளைத்து, கால்களை உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. காதைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. பக்கத்தில் குனிந்தால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பல்லைப் பல்லோடு உரசும் சத்தம். பெரியப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தார். முதல்முறையாக எனக்கு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன்.

மிருக வைத்தியசாலை மூன்று தெரு தள்ளி இருந்தது. டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். முதலில் அந்த வட்ட மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு வயிற்றை இரண்டு கையாலும் மெல்ல அழுத்திப் பார்த்தார், காதில் குழாய் வைத்துக் கேட்டார், ஒரு எக்ஸ்ரே படமும் எடுத்துப் பார்த்தார். அடைப்பு இல்லை என்றார். குடல் ஓடாமல் நின்றுவிட்டது. முயலுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதைத் தள்ளுவது நார். நார் வருவது புல்லிலிருந்து. புல் இல்லாமல் மாவும் இனிப்புமாகப் போனால் குடல் மெதுவாகும், உள்ளே காற்று சேரும், வலிக்கும். வலித்தால் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் மெதுவாகும். வாந்தி எடுத்து வெளியேற்றவும் அதற்கு முடியாது. எத்தனை நேரமாகப் புழுக்கை போடவில்லை என்று கேட்டார். ஒரு நாள் முழுக்க என்றார் பெரியப்பா. டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நாள் முழுக்கப் போடலைன்னு தெரிஞ்சும் ஏன் கொண்டு வரல?"

"தரை சுத்தமா இருந்துச்சு டாக்டரம்மா," என்றார் பெரியப்பா.

டாக்டருக்கு அது புரிந்திருக்க வழியில்லை. அவர் அந்த மூடியைக் கையில் எடுத்தார். துணி வைத்து ஓரம் கட்டியிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டபின் நிதானமாகச் சொன்னார். மெத்தென்று வருவது கழிவு அல்ல. முயல் தின்றதில் பாதிச் சத்து அந்த முதல் சுற்றில்தான் தயாராகிறது. அதை மறுபடி தின்றால்தான் அது உடம்பில் சேரும். கிட்டத்தட்ட அதன் இரண்டாவது சாப்பாடு. அதைத் தடுத்தது தப்பு, புல்லை நிறுத்தியது அதைவிடத் தப்பு.

"யார் சொல்லி இதப் போட்டீங்க?"

"நானாத்தான் போட்டேன்," என்றார் பெரியப்பா.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என் கையில் அந்த அட்டைப்பெட்டி இருந்தது. அவர் என்னைக் காப்பாற்றினாரா, இல்லை உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

தோலுக்கு அடியில் தண்ணீர் ஏற்றினார்கள். வலிக்கு ஓர் ஊசி, குடலுக்கு ஓர் ஊசி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புல்லை அரைத்த கூழைச் சிரிஞ்சில், முன்பல்லுக்குப் பக்கவாட்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். சூடு வேண்டும், சத்தம் கூடாது, எதிரில் புல் இருந்துகொண்டே இருக்க வேண்டும், முடிந்தால் நடக்கவிட வேண்டும். ஒரு பை புல் கொடுத்தார். கடைசியாக, நாளைக் காலை பத்து மணிக்குள் புழுக்கை வர வேண்டும் என்றார். வராவிட்டால்? திரும்பக் கொண்டுவாருங்கள், ஆனால் பெரிய நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா செய்த முதல் காரியம், பையைப் பிரித்து அறை முழுக்கப் புல்லைப் பரப்பியதுதான். தட்டில் வைத்தால் போதும் என்று நான் சொன்னேன். எங்கே போய்த் திங்கப் பிடிக்குமோ யாருக்குத் தெரியும் என்றார். பிறகு புல்லுக்கு இடையில் வெள்ளைத் தாள்களை விரித்தார், எது விழுந்தாலும் கண்ணில் படுவதற்கு. பெரியம்மா மெஷினை நிறுத்தினாள். மறுநாள் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் பதினெட்டு இருந்தன. கால்சட்டைகளின் ஓரத்தைக் கையாலேயே மடித்துத் தைக்கத் தொடங்கினாள். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி மேனேஜரின் பக்கத்தில் வைத்தவளும் அவள்தான்.

பெரியப்பாவின் கை எப்படிப்பட்டது என்று அன்றுதான் பார்த்தேன். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் மூட்டுகளில் தோல் வெடித்திருக்கும், நகம் மட்டும் குழந்தை நகம்போல இருக்கும். அந்தக் கையால் அதன் முகவாயைப் பிடித்து, சிரிஞ்சை ஓரமாக நுழைத்து, ஒரு துளி தள்ளிவிட்டுக் காத்திருப்பார். விழுங்கியதும் அடுத்த துளி. ஒரு சிரிஞ்சு முடிய அரை மணி நேரம். வாயோரம் வழிந்த கூழைத் தோளில் கிடந்த வெள்ளைத் துணியால் துடைத்தார். அந்தத் துணி மறுபடி அவர் முகத்துக்கும் போனது. பெரியம்மா பார்த்தாள், அடுத்த கால்சட்டையை எடுத்தாள்.

இடையிடையே எழுந்து, முழங்காலால் நகர்ந்து, கட்டிலுக்கு அடியிலும் மெஷினுக்கு அடியிலும் போன் வெளிச்சத்தை அடித்துத் தேடினார்.

"இத்தன வருஷமா எங்க அழுக்கு இருக்குன்னு தேடின மனுஷன்," என்றாள் பெரியம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னிக்குத்தான் கிடைக்காதான்னு தேடுறாரு."

"நீ தையி," என்றார் அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து.

மாலையில் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து மறுநாள் விடுப்புக் கேட்டார். அவர் விடுப்புக் கேட்பது அபூர்வம் என்பதால் காரணம் கேட்டிருக்கிறார் அந்த ஆள். "மேனேஜருக்கு வயிறு சரியில்ல சார், பக்கத்துல ஆள் இருக்கணும்," என்றார் பெரியப்பா. எந்த மேனேஜர் என்று அங்கிருந்து கேள்வி. "அஞ்சாவது மாடிதான் சார்." ஐந்தாவது மாடியில் இப்போது வேறு கம்பெனி. அதற்கும் ஒரு மேனேஜர் உண்டு. திங்கட்கிழமை அந்த மனிதரிடம் நான்கு பேர் வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்ததாகவும், கடைசியாகக் கேட்டவரிடம் அவர் சண்டைக்குப் போனதாகவும் லிஃப்ட்காரர் பிற்பாடு சொன்னார்.

நான் இருட்டும் முன் வீட்டுக்கு வந்துவிட்டேன். போனில் முயலைப் பற்றி வாசித்தேன். டாக்டர் சொன்ன எல்லாமே அங்கே இருந்தன. இரண்டு நிமிட வேலை. பெரியப்பா என்னைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்ட அன்றும் இதே போன் என் கையில்தான் இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்று ஏன் சொல்லவில்லை? பார்த்துச் சொல்கிறேன் என்பதும் ஒரு வகையில் தெரியாது என்பதுதான். அதைச் சொல்லக்கூட நான் தயாராக இல்லாமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை எட்டரைக்குப் போனேன். பெரியப்பா வாசற்படியில் நின்றிருந்தார். முந்தைய நாள் சட்டை. தாடி முளைத்திருந்தது, அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"போயிடுச்சு, டிகிரி," என்றார்.

நான் படியில் அப்படியே நின்றேன். அந்த நிமிடம் என் மனதில் என்ன ஓடியது என்பதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதற்கு அர்த்தமில்லை. முதலில் அந்த வட்ட மூடி நினைவுக்கு வந்தது. அதற்கு அடுத்த நொடியே, இனி அவரிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. சின்னதுதான், ஆனால் வந்தது. அது என்னுடையதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"நிக்குற? உள்ள வந்து பாரு. ஏழு."

நான் புரிந்துகொள்வதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். வெள்ளைத் தாள் ஒன்றில் ஏழு புழுக்கைகள் இருந்தன. சின்னவை, கறுப்பு, ஒன்று கோணல். விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் முதல் மூன்று, கூழ் கொடுத்த பிறகு நான்கு. அவர் அந்தத் தாளை அசைக்காமல் வைத்திருந்தார், டாக்டருக்குக் காட்ட வேண்டுமாம். மேனேஜர் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு புல் குச்சியை ஒரு முனையிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வேகமாக இல்லை. ஆனால் இழுத்தது.

பெரியம்மா சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் செய்தி சொன்னாள்: "போயிடுச்சுக்கா, காலைல." ஐந்து நிமிடத்தில் அந்த அம்மாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மனசைத் தேத்திக்கோங்க, வாயில்லா ஜீவன், அதுக்கு அவ்வளவுதான் கொடுத்து வெச்சது என்றாள். பெரியப்பா அவளைத் தாள் இருந்த இடத்துக்குக் கூட்டிப்போய் ஏழையும் காட்டினார். அவள் எதற்காகத் தனக்கு இதைக் காட்டுகிறார் என்று தெரியாமல் பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அந்த அம்மாள் போன பிறகுதான் நான் பேசினேன். பெரியப்பா தரையில் உட்கார்ந்து சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, அன்னிக்கு அது கெட்ட பழக்கம்னு சொன்னேன்ல. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்."

அவர் சிரிஞ்சுக்குள் தண்ணீரை இழுத்தார், வெளியே தள்ளினார். மறுபடி இழுத்தார்.

"தெரியாமன்னா? தப்பாப் படிச்சிருந்தியா?"

"இல்ல. படிக்கவே இல்ல. நீங்க கேட்டீங்க, ஏதாவது சொல்லணும்னு சொன்னேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். பரவாயில்லை என்பார் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் இரண்டையும் செய்யவில்லை. சிரிஞ்சைத் துணியில் வைத்துவிட்டு, வேலை பற்றிக் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்:

"வேற எதெல்லாம் அப்படிச் சொன்ன?"

நான் யோசிக்க நேரம் கேட்டேன். உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருந்தது. இரத்த அழுத்த மாத்திரை என்றேன். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னது ஊகம். அதை டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்றார். காதில் எண்ணெய் விடச் சொன்னது. "அத நான் விடவே இல்ல," என்றார். லிஃப்டில் ஒட்டியிருந்த எச்சரிக்கைக்கு நான் சொன்ன அர்த்தம். அதைக் கேட்டுச் சிரித்தார். அதை நம்பி ஒரு மாதம் படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறார். சொல்லச் சொல்ல எனக்கு இலேசாகவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொன்று இருந்தது. கடைசியாக ஒன்றை நான் சொல்லாமல் நிறுத்தினேன். அவர் தாமாகவே எழுந்து, அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார்.

மூன்று மாதத்துக்கு முன் வந்த கடிதம். துப்புரவு வேலையை வேறு ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொள்கிறார், பணியாளர்கள் இதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வந்தது. அன்று நான் ஒரு முறை கண்ணை ஓட்டிவிட்டு, வழக்கமான சமாச்சாரம்தான், போடுங்கள் என்று சொன்னேன். அவர் போட்டுக் கொடுத்துவிட்டார். இது அதன் நகல்.

"இது?"

"படிக்கிறேன்," என்றேன்.

படித்தேன். கடிதம் அலுவலக மொழியில் இருந்தது. ஒரே வாக்கியம் ஆறு வரிக்குப் போனது. முதல் பத்தி புரிந்தது, அவருக்குச் சொன்னேன். இரண்டாவது பத்தியில் முந்தைய பணிக்காலம் என்று வந்தது. அது புதிய கணக்கில் சேரும் என்கிறதா, சேராது என்கிறதா என்று மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை. இருபத்தாறு வருடம் அந்த இரண்டு சொற்களுக்குள் இருந்தது. பெரியம்மா சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"இந்த ரெண்டாவது பத்தி எனக்குப் புரியல, பெரியப்பா."

"யாருக்குப் புரியும்?"

"தெரியல. விசாரிக்கணும்."

அவர் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, தான் படிக்க முடியாத அந்தப் பத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பழைய மடிப்பின் மேலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டாக்டரிடம் பத்து மணிக்குத் தாளைக் காட்ட வேண்டும், அங்கிருந்து அப்படியே ஒப்பந்தக்காரர் அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்றார். நீயும் வா, அவன் பேசுவது எனக்குப் புரியாது என்றார். எனக்கும் புரியாமல் போகலாம் என்று சொன்னேன்.

"புரியலன்னா புரியலன்னு அவன்கிட்டயே சொல்லு," என்று சொல்லிவிட்டு, ஒன்பது மணிக் கூழைக் கலக்கக் கிண்ணத்தை எடுத்தார்.